அம்மாயிக்கு வலப்பக்க மூக்குத்தி

பிரபலமான ஒரு கார்ட்டூன் பையனை எங்கள் வீடியோ கேமில் வைத்துக்கொள்ள மின்னஞ்சலில் வந்த ஒப்பந்தம் 34 பக்கம். அதை அச்செடுத்துக்கொண்டு ஆர்.எஸ்.புரத்தில் எங்களுக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போனோம். நிலம், பாகப்பிரிவினை வழக்குகள் பார்ப்பவர். வீடியோ கேம் என்றால் பேரன் கைபேசியில் ஆடுவது என்ற அளவில்தான் அவருக்குப் பழக்கம். இருபது நிமிடம் ஒன்றும் பேசாமல் படித்தார். கடைசி இணைப்பில் எங்கள் விளையாட்டின் விவரம் இருந்தது, அதையும் படித்தார். அப்புறம் 19ஆம் பக்கத்துக்குத் திரும்பி வந்து, ஒரு பத்திக்குப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு எங்கள் பக்கம் தள்ளினார்.

"ஏனுங் தம்பி, இதுல வர்ற அந்தப் பையன் அவங்களோடது. சரி. பணியாரம் விக்கிற அம்மாயி யாரோடது?"

"எங்களோடதுங்க சார். நாங்களா வரைஞ்சது."

"கையெழுத்துப் போட்டீங்கன்னா அதுவும் அவங்களோடது ஆயிருமுங்க."

பிரபலமான ஒரு பாத்திரத்துக்கு லைசென்ஸ் வாங்கி விளையாட்டு செய்ய ஆசைப்படும் சின்னக் குழுக்கள் இப்போது நிறைய. என்னிடம் கேட்பவர்கள் எல்லோரும் "எவ்வளவு கேப்பாங்க?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பணத்தைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் எங்களை நிறுத்தியது அந்தப் பென்சில் கோடு.

நாங்கள் இரண்டு பேர். நான் படம் வரைகிறேன், நண்பன் புரோகிராம் எழுதுகிறான். முதல் விளையாட்டு ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் இரண்டு ஆண்டுகளில் 3,100 பிரதிகள் விற்றது. அடுத்ததில் பாதி வேலை முடிந்திருந்தது. மலையடிவாரத்தில் ஒரு கிராமம், அங்கே பணியாரக் கடை போட்டிருக்கும் ஒரு அம்மாயி, கடைக்கு வருகிறவர்கள் சொல்லும் காரியங்களை ஆடுகிறவர் ஓடி ஓடி முடிக்க வேண்டும். ஒரு கண்காட்சியில் அதை வைத்திருந்தபோது, தொலைக்காட்சிக் கார்ட்டூன் ஒன்றின் லைசென்ஸ் ஏஜென்ட் வந்து நின்று கால் மணி நேரம் ஆடினார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த ஒரு பையன் அந்தக் கார்ட்டூனின் நாயகன். "ஓடுற பையனா எங்க பையனை வெச்சுப் பாருங்களேன்" என்றார். அன்று இரவு எங்கள் இரண்டு பேருக்கும் தூக்கமில்லை. ஸ்டீமில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் புது விளையாட்டுகள் வருகின்றன. அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தெரியாத அம்மாயியைத் தூக்கிப் பிடிப்பதைவிட, எல்லோருக்கும் தெரிந்த பையன் ஒருவன் அட்டையில் நின்றால் எவ்வளவு சுலபம்!

கணக்கு இப்படி. ராயல்டி, அதாவது எங்கள் கைக்கு வருவதில் அவர்கள் பங்கு, 12 சதவீதம். மினிமம் கேரண்டி 8 லட்சம். மினிமம் கேரண்டி என்பது விற்றாலும் விற்காவிட்டாலும் கொடுத்தே ஆக வேண்டிய தொகை. விற்க விற்க ராயல்டி அதில் கழியும், கழிந்து முடிந்த பிறகே மேற்கொண்டு ராயல்டி கொடுக்க ஆரம்பிப்போம். விலை 500 ரூபாய் என்று வையுங்கள். அதற்குள் இருக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. போனால் 423 ரூபாய் சொச்சம். ஸ்டீம் 30 சதவீதம் எடுத்துக்கொண்டால் 296 ரூபாய் சொச்சம் மிச்சம். அதில் 12 சதவீதம் என்றால் 35 ரூபாய் சொச்சம். 12 என்று கேட்டபோது சின்ன எண்ணாகத்தான் தோன்றியது. ஆனால் 8 லட்சத்தை முப்பத்தைந்து முப்பத்தைந்தாகக் கழிக்க ஏறக்குறைய 22,500 பிரதிகள் விற்க வேண்டும். முதல் விளையாட்டைப் போல 3,000 மட்டும் விற்றால் கைக்கு வருவது 8 லட்சத்து 90 ஆயிரம். அதில் 8 லட்சம் அவர்களுக்கு. ஒன்றரை ஆண்டு இரண்டு பேர் உழைத்ததற்கு 90 ஆயிரம். தள்ளுபடி விற்பனையில் பாதி விலைக்குப் போகும் பிரதிகளை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

இதைக்கூடத் துணிந்து செய்யலாம் என்றுதான் நினைத்தோம். பையனின் பெயருக்காகவே பத்து மடங்கு விற்கலாம் இல்லையா. அடுத்த சிக்கல் காலம். லைசென்ஸ் மூன்று ஆண்டுகள், அதுவும் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து. விளையாட்டைச் செய்து முடிக்கவே ஒன்றரை ஆண்டு போய்விடும். மிச்சம் ஒன்றரை ஆண்டு விற்கலாம். அதற்குப் பிறகு விற்று முடித்துக்கொள்ள மூன்று மாத அவகாசம், அப்புறம் கடையிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

பெரிய நிறுவனத்துக்கு இது அவ்வளவாக வலிக்காது. முதல் மாதத்திலேயே போட்ட பணத்தை எடுக்கப் பார்ப்பவர்கள் அவர்கள். எங்களைப் போன்றவர்களின் விளையாட்டு சுண்டக்காய்ச்சும் பால் மாதிரி, மெதுவாகத்தான் திரளும். ஒவ்வொரு தள்ளுபடிக்கும் நூறு, இருநூறு பேர் வாங்குவார்கள், நாலாவது ஆண்டிலும் ஐந்தாவது ஆண்டிலும் வாங்குவார்கள். அந்த நீண்ட வாலைத்தான் காலக்கெடு வெட்டுகிறது. பெரிய பெயர்களுக்கே இது நடந்திருக்கிறது. ஸ்காட் பில்கிரிம் விளையாட்டு 2014 டிசம்பரில் கடைகளிலிருந்து மறைந்தது. திரும்ப வர 2021 ஜனவரி ஆனது. டக்டேல்ஸ் ரீமாஸ்டர்டு 2019 ஆகஸ்டில் விலக்கப்பட்டு 2020 மார்ச்சில் திரும்பியது. ஆலன் வேக் விளையாட்டை 2017 மே மாதம் எடுத்ததற்குக் காரணம் பாத்திரம்கூட இல்லை, உள்ளே ஒலித்த பாடல்களின் உரிமம் முடிந்ததுதான். உரிமத்தை மறுபடி வாங்கி அடுத்த ஆண்டு திரும்பக் கொண்டுவந்தார்கள். இவற்றுக்குப் பின்னால் மறுபடி பேரம் பேசப் பெரிய கம்பெனிகள் இருந்தன. எங்களுக்காக அப்படி யார் பேசுவார்கள்? இன்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதுதான்: காலத்தை வெளியீட்டு நாளிலிருந்து எண்ணச் சொல்லுங்கள், ஏற்கெனவே வாங்கியவர்கள் எப்போது வேண்டுமானாலும் தரவிறக்கிக்கொள்ளலாம் என்ற வரியை எழுதி வாங்குங்கள்.

கையெழுத்துக்கு முன்பே மாதிரிப் படம் கேட்டார்கள். ஸ்டைல் கைடு என்று ஒரு கோப்பு வந்தது. பையனின் முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு, சிரிப்பு, கோபம், தலைக்கும் உடம்புக்கும் என்ன விகிதம், சட்டையின் பச்சை எந்தப் பச்சை, எல்லாம் அதில் இருந்தது. சட்டைக்கு இடப்பக்கம் ஒரு பை. நான் வரைவது பிக்சல் படம், பையன் மொத்தமே 24 புள்ளி அகலம், 32 புள்ளி உயரம். அந்தப் பை அதில் மூன்று புள்ளி. வலப்பக்கம் நடக்கும் படங்களை வரைந்துவிட்டு, இடப்பக்கம் நடப்பதற்கு அதையே கண்ணாடி பார்ப்பதுபோலத் திருப்பிப் போட்டேன். பிக்சல் விளையாட்டுகளில் வழக்கமாகச் செய்வதுதான், பாதி வேலை மிச்சம்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. பை இடம் மாறுகிறது, திருத்தவும். நடை, ஓட்டம், குதிப்பு, ஏணி ஏறுவது என்று மொத்தம் 46 படங்கள். எல்லாவற்றையும் இடப்பக்கத்துக்குத் தனியாக மறுபடி வரைந்தேன். அடுத்த பதிலுக்கு இன்னும் பதினைந்து நாள், இந்த முறை தலைமுடியின் ஒரு புள்ளி. மூன்று சுற்று முடிவதற்குள் ஏழு வாரம் போய்விட்டது. எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. மூன்று புள்ளிக்கு இவ்வளவா என்று நண்பனிடம் கத்தினேன். பணத்தைவிட இந்தக் காத்திருப்புதான் சின்னக் குழுவைத் தின்றுவிடும். இத்தனை வேலை நாளுக்குள் பதில் வராவிட்டால் ஒப்புதல் தந்ததாகவே கொள்ளப்படும் என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இல்லாமல் யாரும் இறங்க வேண்டாம்.

அந்த ஏழு வாரத்தில் நான் வேறொரு வேலையும் செய்தேன். பெரிய பாத்திரங்கள் சின்னக் கைகளுக்கு எப்படிப் போயின என்று தேடித் தேடிப் படித்தேன்.

கனடாவின் வான்கூவரில் இருக்கும் பிரேஸ் யுவர்செல்ஃப் கேம்ஸ், தாளத்துக்கு ஏற்ப அடியெடுத்து வைக்கும் கிரிப்ட் ஆஃப் தி நெக்ரோடான்சர் என்ற விளையாட்டை 2015ல் முழுதாக வெளியிட்டது. அதற்கு, ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனிக்குச் சொந்தமான செல்டா விளையாட்டின் பாத்திரங்களை ஒரு சின்னக் கூடுதல் பொதியாகச் சேர்க்கலாமா என்று நின்டெண்டோவிடம் கேட்டார்கள். பேச்சு வளர்ந்து முழு விளையாட்டாகவே ஆனது. 2019 ஜூனில் கேடன்ஸ் ஆஃப் ஹைரூல் வெளிவந்தது. தன் பாத்திரங்களை வெளியாருக்கு அவ்வளவு எளிதில் விடாத கம்பெனி அது. கேட்கப் போகும்போது இவர்கள் கையில் என்ன இருந்தது என்று பாருங்கள். ஏற்கெனவே நின்டெண்டோவின் ஸ்விட்ச் கருவியிலேயே ஓடிக்கொண்டிருந்த, தாளத்தோடு ஆடும் ஆட்டம் ஒன்று. செல்டா இல்லாமலும் நிற்கும் ஆட்டம்.

கிறிஸ்டியன் வைட்ஹெட் ஆஸ்திரேலியாக்காரர், சேகா கம்பெனியின் சோனிக் விளையாட்டுகளுக்கு ரசிகர். ரசிகர் விளையாட்டுகள் செய்து பழகியவர், அதற்காகத் தானே ஒரு எஞ்சின், அதாவது விளையாட்டை ஓட வைக்கும் அடிப்படை மென்பொருள், எழுதினார். 2009ல் பழைய சோனிக் சிடி விளையாட்டு ஐபோனில் ஓடுவதை ஒரு காணொளியாகக் காட்டினார். சேகா அவரையே அழைத்து, 2011ல் அந்தப் பதிப்பை அதிகாரபூர்வமாக வெளியிட்டது. 2013ல் முதல் இரண்டு சோனிக் விளையாட்டுகளின் கைபேசிப் பதிப்புகள். 2017ல் அவரும் கூட்டாளிகளும் சேர்ந்து செய்த சோனிக் மேனியா. அது பழையதன் நகலாக இல்லாமல் புது விளையாட்டாக வந்தது, அந்த வரிசையில் பல ஆண்டுகளில் வந்ததிலேயே சிறந்தது என்று விமர்சகர்கள் கொண்டாடினார்கள். எட்டு ஆண்டுகளில் படிப்படியாக வந்த நம்பிக்கை அது. சிங்கப்பூர்க்காரர் சியோ சோங் ஹுய் தான் செய்துகொண்டிருந்த மெகா மேன் ரசிகர் விளையாட்டை, மெகா மேனுக்குச் சொந்தக்காரரான காப்காம் கம்பெனியிடம் காட்டினார். அவர்கள் ஆதரவு கொடுத்து, 2012 டிசம்பர் 17 அன்று ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் மெகா மேன் என்ற பெயரில் இலவசமாக வெளியிட்டார்கள்.

இதே கதையின் மறுபக்கம் மில்டன் குவாஸ்தி. அர்ஜென்டினாவில் உட்கார்ந்து ஏறக்குறைய பத்து ஆண்டுகள் உழைத்து, நின்டெண்டோவின் மெட்ராய்டு இரண்டாம் விளையாட்டை முழுக்கப் புதிதாக மறுபடி செய்தார். மெட்ராய்டின் 30ஆம் ஆண்டு நிறைவு நாளான 2016 ஆகஸ்ட் 6 அன்று இலவசமாக வெளியிட்டார். சில நாட்களிலேயே நின்டெண்டோவின் பதிப்புரிமை நோட்டீஸ் வந்து தரவிறக்க இணைப்புகள் போய்விட்டன. அடுத்த ஆண்டு அதே விளையாட்டின் மறு ஆக்கத்தை நின்டெண்டோவே வெளியிட்டது. குவாஸ்தியின் திறமையில் ஒரு குறையும் இல்லை. பிற்பாடு ஓரி அண்ட் தி வில் ஆஃப் தி விஸ்ப்ஸ் விளையாட்டின் நிலைகளை வடிவமைக்கும் வேலைக்கு அவரை எடுத்துக்கொண்டார்கள். வைட்ஹெட்டுக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசம் பாத்திரத்தின் சொந்தக்காரர் யார் என்பதும், முடிப்பதற்கு முன்பே அவரிடம் காட்டினோமா என்பதும்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். பத்து ஆண்டுகள்!

லைசென்ஸே வேண்டாத பிரபலங்களும் உண்டே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உண்டு. ஷெர்லாக் ஹோம்ஸை வைத்து உக்ரைனின் ஃபிராக்வேர்ஸ் இருபது ஆண்டுகளுக்கு மேலாக விளையாட்டு செய்து வருகிறது. 1928ன் கறுப்பு வெள்ளை மிக்கி மவுஸ் 2024 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பதிப்புரிமையிலிருந்து விடுபட்டது. ஆனால் அந்த 1928 உருவம் மட்டும்தான், வணிகக் குறி (டிரேட்மார்க்) என்ற வேலி இன்னும் அப்படியே இருக்கிறது. டின்டின் 2025ல் அமெரிக்காவில் விடுபட்டது, அதுவும் 1929ல் வந்த தொடக்கப் படங்கள் மட்டும். டின்டினை உருவாக்கிய எர்ஜே 1983ல் இறந்தார். இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு என்பதால் 2043 முடியும் வரை உரிமை உண்டு. ஐரோப்பாவில் 70 ஆண்டு, எனவே 2053 வரை. ஸ்டீமில் ஒரு பொத்தானில் உலகம் முழுக்க விற்கிறோம். அப்படி விற்கும்போது ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் நம் வாசலில் வந்து நிற்கும்.

நம் பக்கத்தில் வந்தியத்தேவன் இருக்கிறான். கல்கி 1954ல் மறைந்தார், அவர் எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கியும் விட்டது. அந்தக் கதையை எடுத்து யாரும் விளையாட்டு செய்யலாம். ஆனால் மணியம் வரைந்த முகம் வேறு கணக்கு, திரையில் வந்த முகமும் உடையும் வேறு கணக்கு. எழுத்திலிருந்து நாமே புதிதாக வரைந்துகொள்ள வேண்டும். வரையத் தெரிந்தவனுக்கு அது ஒரு பெரிய கொடை என்றுதான் நான் நினைக்கிறேன்.

மறுபடி 19ஆம் பக்கம். "இந்த விளையாட்டுக்கென உருவாகும் அல்லது இதில் இடம்பெறும்" பாத்திரங்கள், பெயர்கள், இடங்கள், இசை எல்லாம் உரிமையாளரைச் சேரும் என்று இருந்தது. "இடம்பெறும்" என்ற ஒரே சொல்லில் அம்மாயி அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவாள். காலம் முடிந்ததும் பையன் தன் வீட்டுக்குத் திரும்புவான், கூடவே அவளையும் கைப்பிடித்துக் கூட்டிப் போவான். அதற்குப் பிறகு அவளை இன்னொரு விளையாட்டில் போட நாங்கள் அனுமதி கேட்க வேண்டும்.

கேரளத்தில் நடந்த ஒரு வழக்கை வக்கீல்தான் தேடி எடுத்துக் கொடுத்தார். கார்ட்டூனிஸ்ட் டாம்ஸ், போபனும் மோளியும் என்ற இரட்டைப் பிள்ளைகளை உருவாக்கியவர். மலையாள மனோரமாவில் பல ஆண்டுகள் அவர்களை வரைந்தார். வேலையை விட்ட பிறகு வேறிடத்தில் வரைந்தபோது உரிமை யாருக்கு என்று வழக்கு வந்தது. 1980களின் இறுதியில் கேரள உயர் நீதிமன்றம் டாம்ஸ் தொடர்ந்து வரையலாம் என்றது. வேலைக்குச் சேருவதற்கு முன்பே அந்தப் பிள்ளைகள் அவர் கையில் பிறந்திருந்தார்கள் என்பது அதில் முக்கியமாக இருந்தது. "உங்க அம்மாயி முன்னாடியே பொறந்ததுங்கறதுக்கு என்னங் தம்பி சாட்சி?" என்று கேட்டார். கோப்புகளின் தேதி இருந்தது, கண்காட்சிப் படங்கள் இருந்தன. "அப்ப இணைப்புலயே எழுதச் சொல்லுங்க, முன்னாடி இருந்ததெல்லாம் உங்களோடதுன்னு. கோர்ட்டுக்குப் போய் நிரூபிக்கறது கடைசி வழிங்க."

எழுதிக் கேட்டோம். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. வாசகம் எல்லோருக்கும் பொது, மாற்ற இயலாது. நண்பன் ஒரு நாள் யோசித்தான், நான் இரண்டு நாள். ஏஜென்டிடம் மரியாதையாக எழுதி விலகினோம். பையனின் 92 படங்களும் கணினியில் ஒரு மூலையில் கிடக்கின்றன. எனக்கு உரிமையில்லாதவை, வெளியே காட்டவும் முடியாதவை. பழைய ஓட்டக்காரப் பையனையே மறுபடி வைத்து, அம்மாயியை அட்டைக்குக் கொண்டுவந்தோம். வெளியிட்டு ஓராண்டு தாண்டிவிட்டது, முதல் விளையாட்டைவிடக் கொஞ்சம் கூடவே போயிருக்கிறது. பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் எந்தத் தேதியிலும் கடையிலிருந்து எடுக்க வேண்டியதில்லை.

போன மாதம் திருநெல்வேலியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். தனியாளாக ஒரு பேருந்து விளையாட்டு செய்கிறார், வழியில் ஒரு நிறுத்தத்தில் அம்மாயியின் கடையை வைக்கலாமா என்று கேட்டார். சின்னக் குழுக்கள் செய்யும் 'இண்டி' விளையாட்டு வட்டாரத்தில் இது பழைய பழக்கம். 2010ல் சூப்பர் மீட் பாய் வந்தபோதே மற்ற இண்டி விளையாட்டுகளின் நாயகர்கள் அதில் விருந்தாளிகளாக வந்தார்கள். ஷவல் நைட் என்ற இண்டி நாயகன் எத்தனையோ விளையாட்டுகளில் தலைகாட்டியிருக்கிறான். நான் உடனே சரி என்று எழுதி, ஒரே பக்கத்தில் ஒப்பந்தம் தயார் செய்தேன். பணம் வேண்டாம். அந்த விளையாட்டு விற்கும்வரை அம்மாயி அதில் இருக்கலாம். அவர் புதிதாக வரைவது எல்லாம் அவருடையது. படத்தைப் பார்த்து ஐந்து நாளுக்குள் பதில் சொல்வேன், சொல்லாவிட்டால் சம்மதம்.

இரண்டாம் நாளே படம் அனுப்பினார். பின்கொசுவச் சேலை, முடிந்த கொண்டை, எல்லாம் அப்படியே அவள். பணியாரக் கரண்டியை எடுத்துக்கொண்டு இடப்பக்கம் திரும்பினாள். மூக்குத்தி இடது மூக்குக்குப் போய்விட்டது. அது ஒரே ஒரு மஞ்சள் புள்ளி. என் அம்மாவின் அம்மா கடைசிவரை வலப்பக்கம்தான் போட்டிருந்தார், அதைப் பார்த்துத்தான் நான் வரைந்தேன். ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுதினேன்: "தம்பி, ரொம்ப நல்லா வந்திருக்கு. திரும்பும்போது மட்டும் மூக்குத்தி இடம் மாறுது. இடப்பக்கம் பார்க்கும் படங்களை நானே வரைந்து நாளைக்கு அனுப்புகிறேன்."